‘முதல்ல டைவர்ஸ், வீட்டை அப்புறம் பேசிக்கலாம்’

கேள்வி:

மேடம், அமெரிக்காவில் நார்த் கரோலினா மாநிலத்தில் மோரிஸ்வில்லில் இருக்கிறோம். கும்பகோணத்தில் கல்யாணம் நடந்து ஒன்பதரை வருடம் ஆகிறது. அவர் ஹெச்-1பி வேலை விசா, நான் அவரைச் சார்ந்த ஹெச்-4 விசா. இஏடி என்ற வேலை அனுமதி வாங்கி ஒரு பிரீஸ்கூலில் பகுதி நேரமாக வேலை பார்க்கிறேன். பையன் இங்கே பிறந்தவன், ஏழு வயது. எட்டு மாதமாக அவர் மாடி அறையில், நானும் பையனும் கீழே. அடிதடி இல்லை, பேச்சும் இல்லை. போன வாரம் நெட்டிலிருந்து எடுத்த ஒரு பாரத்தைக் கொண்டுவந்து வைத்தார். ‘இந்த ஊர்ல ஒரு வருஷம் பிரிஞ்சிருந்தா டைவர்ஸ். எட்டு மாசம் ஆயிடுச்சு, இன்னும் நாலு மாசம்தான். நீ கையெழுத்து மட்டும் போடு. முதல்ல டைவர்ஸ் முடியட்டும், வீடு, பணம் எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல் போதும்’ என்கிறார். வீடு அவர் பெயரில்தான் இருக்கிறது. நான் வெளியேறினால் வீட்டில் பங்கு போய்விடும் என்று தோழி ஒருத்தி பயமுறுத்துகிறாள். இங்கே வாங்கும் விவாகரத்து ஊரில் செல்லுமா? பேசாமல் பையனைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கே போய்விடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பின்குறிப்பு: மே மாதம் மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். டிக்கெட் போட்டாயிற்று. அவர்களுக்கு எதுவும் தெரியாது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கணவர் கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை. அவருக்கே விவரம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் சொன்னதில் இரண்டு விஷயம் இந்த மாநிலச் சட்டத்தில் தப்பு. அதில் ஒன்று உங்கள் வீட்டையே கொண்டுபோய்விடும்.

சின்னதை முதலில் பார்ப்போம். நார்த் கரோலினாவில் யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே விவாகரத்து கிடைக்கும். கணவன் மனைவி ஒரு வருடம் முழுதாகப் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், இருவரில் ஒருவராவது ஆறு மாதம் இந்த மாநிலத்தில் குடியிருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். மற்றவர் ‘எனக்குச் சம்மதமில்லை’ என்று சொன்னாலும் தடுக்க முடியாது. ஆனால் ‘பிரிந்து வாழ்வது’ என்றால் இந்த ஊர் நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளும் பொருள் ஒன்றே ஒன்று: வேறு வேறு வீடு. மாடியும் கீழும் பிரிவு ஆகாது. தனித்தனி சமையல், தனித்தனி ஃபிரிட்ஜ், ஒரு வார்த்தை பேச்சில்லை என்றாலும் ஆகாது. வெளியே பார்க்கிறவர்களுக்கு நீங்கள் ஒரே கதவைத் திறந்து உள்ளே போகிற குடும்பம்தான். அதோடு, இனி சேர்ந்து வாழப் போவதில்லை என்ற எண்ணம் ஒருவருக்காவது இருந்திருக்க வேண்டும். வேலை விஷயமாக ஒருவர் ஆஸ்டினில் ஆறு மாதம் தங்கியிருந்தால் அது பிரிவு இல்லை.

ஆகவே உங்கள் கணக்கில் இதுவரை ஓடியது எட்டு மாதம் இல்லை, பூஜ்யம். இந்தியாவில் நிலைமை வேறு. அங்கே பரஸ்பர சம்மத விவாகரத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் தாம்பத்திய உறவு இல்லாவிட்டால் பிரிந்திருந்ததாக ஏற்றுக்கொள்ள வழி உண்டு. சென்னைக் குடும்ப நல நீதிமன்றத்தில் சில வருடம் ஓடியாடிவிட்டு இங்கே வந்தவள் நான். வந்த புதிதில் எனக்கே இந்த வித்தியாசம் பிடிபடக் கொஞ்ச நாள் ஆயிற்று. உங்கள் கணவரை இதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பாரத்தில் எட்டு மாதம் முந்தைய தேதியைப் போட்டு, நான்கு மாதம் கழித்துச் சத்தியப் பிரமாணத்தோடு தாக்கல் செய்வது சும்மா இல்லை. நீதிமன்றத்தில் பொய் சொல்லி வாங்கிய தீர்ப்பு, பின்னால் யாராவது கிளறினால் ரத்தாகலாம். அதற்குள் இருவரில் ஒருவர் மறுமணம் செய்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கும் சிக்கல். இன்னொன்றும் இருக்கிறது. பிரிந்த தேதிதான் சொத்தில் கோடு கிழிக்கிற தேதி. திருமண நாளிலிருந்து அந்தத் தேதி வரை சேர்ந்தது இருவருக்கும் பொது. அதற்குப் பிறகு உழைத்துச் சம்பாதித்தது அவரவருக்கு. எட்டு மாதம் முன்னால் கோட்டைத் தள்ளினால் இந்த எட்டு மாதத்தில் அவர் 401கே ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் போட்டதும், கம்பெனி கொடுத்த பங்குகளும் எந்தப் பக்கம் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது பெரியதுக்கு வருகிறேன். ‘முதலில் விவாகரத்து, மற்றது அப்புறம்’ என்கிறாரே, இந்த மாநிலத்தில் அந்த ‘அப்புறம்’ கிடையாது.

விவாகரத்துத் தீர்ப்பில் நீதிபதி கையெழுத்திடுவதற்கு முன்னால் நீங்கள் சொத்துப் பிரிவினை கேட்டு நீதிமன்றத்தில் எழுத்தில் கோரிக்கை வைத்திருக்க வேண்டும். ஜீவனாம்சத்துக்கும் அப்படியே, தீர்ப்பு வருகிற அன்று உங்கள் கோரிக்கை கோர்ட்டில் நிலுவையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தீர்ப்போடு சேர்ந்து அந்த உரிமைகளும் செத்துப்போகும். ‘அழியும்’ என்றுதான் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மறந்துவிட்டேன், தெரியாது, அவர் வாயால் உறுதி சொன்னார் என்பதெல்லாம் எடுபடாது. சொத்து விஷயத்தில் விதிவிலக்கு மிகக் குறுகலானது: பேப்பரில் விளம்பரம் போட்டு உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, நீங்கள் கோர்ட்டுக்கே வராமல் வழக்கு முடிந்திருந்தால் ஆறு மாதம் கிடைக்கும். ஒரே ஊரில் இருக்கிற, நோட்டீஸை நேரிலேயே வாங்கப் போகிற உங்களுக்கு அது பொருந்தாது. பிள்ளையின் பொறுப்பும் பிள்ளைச் செலவும் மட்டும் இந்த விதிக்குள் வராது. அவற்றை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஒரு அம்மா என்னிடம் வந்தார், தீர்ப்பு முடிந்து மூன்றாவது வாரம். இருபது வருடக் குடித்தனம். கணவர் விவாகரத்து மனு அனுப்பியிருக்கிறார். இவர், ‘எனக்கும் இது முடிஞ்சா நிம்மதி, நான் ஏன் எதிர்க்கணும்’ என்று பதிலே போடாமல் விட்டுவிட்டார். வீட்டைப் பற்றி எப்போது பேசலாம் என்று கேட்கத்தான் என்னிடம் வந்திருந்தார். கையில் அவர் கொண்டுவந்த கோப்பு அத்தனை நேர்த்தி, ஒவ்வொரு பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வருடவாரியாக அடுக்கியிருந்தது. பிரித்துப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை.

இதை வைத்து ‘அப்படியானால் சண்டைக்குத்தான் போக வேண்டுமா’ என்று பதறாதீர்கள். கோரிக்கை வைப்பது வேறு, சண்டை போடுவது வேறு. நான்கைந்து பக்கத்தில் ஒரு மனு, அதில் ‘எனக்குச் சொத்தில் பங்கும் பராமரிப்பும் வேண்டும்’ என்று தெளிவாக ஒரு பத்தி. அது கோப்பில் ஏறிவிட்டால் உரிமை உயிரோடு இருக்கும். அதன் பிறகு நிதானமாகப் பேசிக்கொண்டு, மத்தியஸ்தர் முன்னால் உட்கார்ந்து முடிக்கலாம். எப்படியும் இங்கே சொத்து வழக்குகளை விசாரணைக்கு முன்னால் மத்தியஸ்தத்துக்குத்தான் அனுப்புவார்கள், பெரும்பாலானவை அங்கேயே முடிகின்றன. இன்னொரு வழி, பிரிவு ஒப்பந்தம். வீடு யாருக்கு, கடன் யார் கட்டுவது, பிள்ளை எந்த நாள் யாரிடம், மாதம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுதி, இருவரும் நோட்டரி முன்னால் கையெழுத்திட வேண்டும். நோட்டரி இல்லாமல் டைனிங் டேபிளில் எழுதிக்கொண்ட தாள் இந்த மாநிலத்தில் பிரிவு ஒப்பந்தமாக நிற்காது. நல்ல ஒப்பந்தம் ஒன்று அமைந்துவிட்டால் கோர்ட்டில் தனியாகக் கோரிக்கை வைக்கும் தேவையே இருக்காது. என்னைக் கேட்டால், உங்கள் மாதிரி அடிதடி இல்லாத வீடுகளுக்கு இதுதான் பொருத்தம்.

ஒரு விஷயம் கவனியுங்கள். சொத்துப் பிரிவினைக் கோரிக்கையை நீங்கள் வேறு வீட்டுக்குப் பிரிந்த பிறகுதான் தாக்கல் செய்ய முடியும். ஒரே வீட்டில் இருக்கும்போது கோர்ட் அதை எடுக்காது. பிரிந்த மறுநாளே போடலாம், ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வருடக் காத்திருப்பு விவாகரத்துக்கு மட்டும்தான். பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு கையில் காசில்லாமல் அந்த ஒரு வருடத்தைக் கடத்துகிறார்கள். பிரிந்த உடனே இடைக்காலப் பராமரிப்பும் கேட்கலாம்.

வீடு அவர் பெயரில் இருப்பது பற்றி நீங்கள் ரொம்பக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். பத்திரத்தில் யார் பெயர் என்பது இங்கே முடிவான கேள்வி இல்லை. திருமணத்துக்குப் பிறகு, பிரிவதற்கு முன், குடும்பத்தின் உழைப்பில் வாங்கியது குடும்பச் சொத்து. சரிபாதியில்தான் கோர்ட் தொடங்கும். பாதி நியாயமில்லை என்று யார் சொல்கிறாரோ அவர்தான் காரணம் காட்ட வேண்டும். வீட்டில் பிள்ளையோடு இருந்தவரின் உழைப்பும் உழைப்புதான். 401கே, கம்பெனிப் பங்கு, இரண்டு கார், கிரெடிட் கார்டு கடன் எல்லாம் கணக்கில் வரும். சோழிங்கநல்லூர் பக்கம் நம் ஆட்கள் எல்லாரும் ஒரு ஃபிளாட் வாங்கி வைத்திருப்பார்களே, அப்படி ஏதாவது இருந்தால் அதுவும். இங்கிருக்கும் நீதிபதி சென்னைப் பத்திரத்தில் பெயர் மாற்ற முடியாது. ஆனால் அதன் மதிப்பை உங்கள் கணவர் பங்கில் எழுதி, அதற்கு ஈடாக இங்கிருப்பதிலிருந்து உங்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க முடியும். அவர் இப்போதே பணத்தை ஊரில் என்ஆர்ஈ கணக்குக்கு நகர்த்துவதாகச் சந்தேகம் வந்தால் தடை உத்தரவும் கேட்கலாம். கோரிக்கை தாக்கலானதும் இருவரும் சொத்துப் பட்டியலைப் பிரமாணத்தோடு கொடுத்தாக வேண்டும். கோரிக்கை வைத்தவருக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு 90 நாள், அந்தப் பட்டியல் கைக்கு வந்தபின் மற்றவருக்கு 30 நாள்.

நகையில் ஒரு வேடிக்கை உண்டு. உங்கள் அம்மா போட்டு அனுப்பிய நகை உங்களுடையது, இந்த மாநிலச் சட்டப்படியும் இந்தியச் சட்டப்படியும். ஆனால் கல்யாண நாளுக்கும் தீபாவளிக்கும் கணவர் வாங்கிக் கொடுத்தது? இந்தியாவில் அதையும் ஸ்திரீதனம் என்று உங்கள் பக்கமே சேர்ப்பார்கள். இங்கே, கணவன் மனைவிக்குள் கொடுத்த பரிசு, ‘இது அவளுடைய தனிச் சொத்து’ என்று கொடுக்கும்போதே எழுதி வைத்திருந்தால்தான் தனிச் சொத்து. எந்தப் புருஷன் வளையல் பெட்டிக்குள் அப்படி ஒரு சீட்டு வைத்துக் கொடுக்கிறான்? ஆகவே அதுவும் பொதுக் கணக்கில்தான் வரும். எது அம்மா வீட்டு நகை, எது பின்னால் வாங்கியது என்பதற்குக் கல்யாண ஆல்பத்தைவிட நல்ல சாட்சி இல்லை. அதை ஊரிலிருந்து ஸ்கேன் செய்து வாங்கி வையுங்கள்.

உங்கள் தோழி சொன்ன பயம் பாதி சரி, பாதி தப்பு. வெளியேறினால் வீட்டில் பங்கு போகாது. சொத்துக் கணக்கு நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள் என்பதைப் பார்ப்பதில்லை. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் காரணமில்லாமல் போனால் ‘கைவிட்டுப் போனார்’ என்று ஜீவனாம்ச வழக்கில் எதிராகப் பேச முடியும். பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் கஸ்டடியில், அதாவது பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கில், எதிராகப் பேச முடியும். அதனால்தான் யார் வெளியேறுவது, எந்தத் தேதியில், பையன் எந்த நாள் எங்கே என்பதை முன்கூட்டியே ஒரு சின்ன ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். அவர் வெளியேறி அபார்ட்மென்ட் எடுப்பது உங்களுக்கு நல்லது. பையனின் பள்ளிக்கூடம் மாறாது.

பராமரிப்புப் பணத்துக்கு வாய்பாடு எதுவும் இல்லை. உங்கள் பிரீஸ்கூல் சம்பளத்தையும் அவருடைய சம்பளத்தையும் பார்த்தால் நீங்கள் அவரைச் சார்ந்திருக்கும் துணை என்று காட்டுவது சிரமம் இருக்காது. எவ்வளவு, எத்தனை வருடம் என்பது நீதிபதியின் கையில். ஒன்றை மட்டும் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். பிரிவதற்கு முன்னால் சார்ந்திருக்கும் துணைக்கு வேறு உறவு இருந்தது நிரூபணமானால் ஜீவனாம்சம் கிடையாது. பணம் கொடுக்க வேண்டியவருக்கு அப்படி இருந்திருந்தால் கோர்ட் கொடுக்கச் சொல்லியே ஆக வேண்டும். இருவருக்கும் இருந்தால் நீதிபதி விருப்பம். விவாகரத்துக்குத் தப்பு தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் பணத்துக்கு மட்டும் தப்பைப் பார்க்கிற மாநிலம் இது. போதாக்குறைக்கு, குடும்பத்தைக் கெடுத்த மூன்றாம் ஆள் மேல் நஷ்டஈடு வழக்குப் போடுகிற பழைய சட்டத்தையும் இன்னும் விடாமல் வைத்திருக்கிற மிகச் சில மாநிலங்களில் இதுவும் ஒன்று. உங்கள் கடிதத்தில் அதற்கு இடமில்லை, விட்டுவிடுவோம். மறுமணம் செய்தாலோ வேறொருவரோடு சேர்ந்து வாழத் தொடங்கினாலோ ஜீவனாம்சம் நின்றுவிடும்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்விதான் உங்களுக்கு மிக அவசரமானது: விசா. பிரிந்து வேறு வீட்டில் இருப்பதால் ஹெச்-4 போகாது. சட்டப்படி மனைவியாக இருக்கும்வரை இருக்கும். விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்று போய்விடும், இஏடியும் கூடவே. வேலை இழந்தவர்களுக்குக் கொடுக்கிற 60 நாள் அவகாசம் மணமுறிவுக்கு இல்லை. கிரீன் கார்டு விண்ணப்பத்தில் மனைவி என்ற முறையில் உங்கள் பெயர் இருந்தால், கார்டு கைக்கு வருவதற்கு முன் விவாகரத்தாகிவிட்டால் அந்தப் பெயரும் விழும். எனவே இந்த ஒரு வருடப் பிரிவுக் காலம் உங்களுக்குக் கிடைத்த அவகாசம். படிப்பு விசாவா, உங்கள் பெயரில் ஹெச்-1பி போடக்கூடிய வேலையா, ஊர் திரும்புவதா என்பதை இந்த வருடத்துக்குள் ஒரு குடியேற்ற வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அடிதடி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் எழுதக் கூச்சப்பட்டு விட்டிருந்தால், கொடுமைக்கு ஆளான ஹெச்-4 மனைவிகளுக்குத் தனியாக வேலை அனுமதி கேட்கும் பிரிவு ஒன்று இருக்கிறது, அதற்குக் கணவரின் தயவு வேண்டாம். விவாகரத்தாகிவிட்டால் அதற்கும் காலக்கெடு உண்டு. அந்தக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பத்து வருடக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. திருமணம் பத்து வருடம் நீடித்திருந்தால், வயதான பிறகு முன்னாள் கணவரின் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியக் கணக்கை வைத்து மனைவிக்கு ஒரு தொகை கிடைக்க வாய்ப்பு உண்டு, மறுமணம் செய்யாமல் இருந்தால். அவர் பங்கிலிருந்து குறைக்காமலே கிடைப்பது அது. உங்களுக்கு இப்போது ஒன்பதரை. நேர்மையாக ஒரு வருடம் பிரிந்திருந்து வாங்கினால் பத்தைத் தாண்டியிருக்கும். அவருடைய நான்கு மாதக் கணக்கில் போனால் தாண்டாது.

ஊரில் செல்லுமா என்ற கேள்விக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1975-ல் திருப்பதியில் ஒரு கல்யாணம். கணவர் அமெரிக்காவில். 1980-ல் மிசௌரி மாநிலத்தில், மனைவி நேரில் வராத நிலையில், ‘இந்தத் திருமணம் சரிசெய்ய முடியாதபடி முறிந்துவிட்டது’ என்ற காரணத்தில் விவாகரத்து வாங்கினார். அடுத்த வருடம் மறுமணம். முதல் மனைவி அவர் மேல் இருதார வழக்குப் போட்டார். அது உச்ச நீதிமன்றம் வரை போய் 1991-ல் தீர்ப்பாயிற்று: மிசௌரித் தீர்ப்பு இந்தியாவில் செல்லாது. இந்து திருமணச் சட்டத்தின்படி நடந்த கல்யாணத்தை அந்தச் சட்டத்தில் உள்ள காரணத்துக்காகத்தான் முறிக்கலாம், மற்றவர் மனமொப்பி அந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும், அல்லது விவாகரத்துக்குச் சம்மதித்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். இன்றுவரை அதுதான் அடிப்படை.

இதை உங்கள் நிலைமைக்குப் பொருத்திப் பாருங்கள். ‘ஒரு வருடம் பிரிந்திருந்தோம்’ என்பது மட்டும் இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணம் இல்லை. பரஸ்பர சம்மதத்தோடு சேர்ந்தால்தான் காரணம். நீங்கள் பதில் போடாமல் இருந்து அவர் ஒருதலைப்பட்சமாக இங்கே வாங்கிய தீர்ப்பு இந்தியாவில் ஆட்டம் காணும். இங்கே நீங்கள் விவாகரத்தானவர், கும்பகோணத்தில் இன்னும் அவர் மனைவி! மறுமணம், ஊரில் சொத்து வாரிசுரிமை எல்லாவற்றிலும் அது தொந்தரவு. எனவே இங்கே முடிப்பதானால் நீங்கள் வக்கீல் வைத்து ஆஜராகி, சம்மதத்தை எழுத்தில் பதிவு செய்து முடியுங்கள். இல்லையென்றால் ஒரு வருடம் பிரிந்த பிறகு இருவரும் சேர்ந்து ஊரிலும் பரஸ்பர சம்மத மனு போடலாம். மனு போட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி வர வேண்டும் என்பது சட்டம். 2017-ல் உச்ச நீதிமன்றம், எல்லாம் பேசி முடித்து நீண்ட நாள் பிரிந்திருப்பவர்களுக்கு அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று சொல்லிவிட்டது. ஆனால் ஊர் மனுவை முந்த விட்டுவிட்டு இங்கே சொத்துக் கோரிக்கையை மறந்துவிடாதீர்கள். எங்கே முடிந்தாலும் இங்கே கோரிக்கை முதலில் ஏறியிருக்கட்டும்.

பையனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடலாமா என்றீர்கள். போகாதீர்கள். தாயாக உங்கள் மனம் புரியாமல் சொல்லவில்லை. அவன் இந்த மாநிலத்தில் வளர்ந்தவன். ஆறு மாதம் தொடர்ந்து இருந்த மாநிலம்தான் பிள்ளையின் சொந்த மாநிலம், கஸ்டடியை முடிவு செய்யும் அதிகாரம் இங்கேதான். குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதற்கான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் அங்கே போய்விட்டால் யாரும் தொட முடியாது என்று சிலர் வாட்ஸ்அப்பில் அறிவுரை சொல்வார்கள். மற்றவரின் உரிமையைத் தடுக்கும் நோக்கத்தில் பிள்ளையை நாட்டைவிட்டுக் கொண்டுபோவது 1993-லிருந்து அமெரிக்க மத்திய அரசுக் குற்றம். நீங்கள் போன வாரமே அவர் இங்கே அவசர உத்தரவு வாங்குவார். பிறகு நீங்கள் இந்த நாட்டுக்கு வந்து இறங்குவதே பிரச்சினை. இதையே அவர் செய்துவிடுவாரோ என்று உங்களுக்குப் பயமிருந்தால், பையனின் பாஸ்போர்ட்டை யார் வைத்திருப்பது, வெளிநாட்டுப் பயணத்துக்கு இருவரின் எழுத்து அனுமதி வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். ஊருக்கே நிரந்தரமாகத் திரும்ப விருப்பமென்றால் அதையும் கோர்ட்டில் கேட்டு, அனுமதியோடு போகலாம். கடினம், ஆனால் நடந்திருக்கிறது. பிள்ளைச் செலவுக்கு மாநில அட்டவணை இருக்கிறது. இருவர் வருமானம், காப்பீடு, பள்ளி முடிந்தபின் பார்த்துக்கொள்ளும் செலவு எல்லாம் அதில் வரும். இருவரிடமும் வருடத்துக்கு 123 இரவுகளாவது பிள்ளை இருந்தால் கணக்குப் போடும் தாளே வேறு. சிலர் 120-க்கும் 125-க்கும் ஏன் இப்படி மல்லுக்கட்டுகிறார்கள் என்று இப்போது புரியும்.

ஒரே வக்கீல் போதும் என்றாரே, ஒரே வக்கீல் இருவருக்கும் ஆஜராக முடியாது. உங்கள் கணவர் வக்கீல் வைத்தால் அந்த வக்கீல் கணவருக்கு மட்டும்தான் வக்கீல். உங்களிடம் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சரி. இன்னொன்று, ‘பெட் அண்ட் போர்டு’ விவாகரத்து என்று ஒன்று இணையத்தில் கண்ணில் படும். படுக்கையும் சாப்பாடும் என்று இங்கிலாந்துத் திருச்சபைக் காலத்துப் பெயர். அது விவாகரத்தே இல்லை, தப்பை நிரூபித்து வாங்குகிற ஒரு பிரிவு உத்தரவு. உங்களுக்கு வேண்டாம்.

கடைசியாக மே மாதம். பின்குறிப்பில் போட்டுவிட்டீர்கள், ஆனால் எனக்கு அதுதான் கண்ணில் உறுத்தியது. நம் வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது. ஏப்ரலில் பிரிந்து அவர் அபார்ட்மென்ட்டுக்குப் போவார். மே மாதம் பெரியவர்கள் வந்ததும், ‘அவங்க இருக்கிற வரைக்கும் மட்டும்’ என்று பெட்டியோடு திரும்பி வருவார். ஒன்றாகக் கோயிலுக்குப் போவார்கள், கேரி வெங்கடேஸ்வரா கோயிலில் அர்ச்சனைச் சீட்டு ஒரே கோத்திரத்தில் எழுதுவார்கள், எல்லாரும் சேர்ந்து நயாகரா போய்ப் படம் எடுத்துப் போடுவார்கள். ஒரு இரவு தவறிச் சேர்ந்திருந்தால் ஒரு வருடக் கணக்கு உடையாது, சட்டமே அதைச் சொல்கிறது. ஆனால் இப்படி இரண்டு மாதம் கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்தால் உறவு மீண்டும் தொடங்கியதாக எடுத்துக்கொள்ளலாம். கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். நடிப்பு என்று நீங்கள் சொல்வீர்கள். நயாகரா படத்தைக் காட்டி எதிர்ப்பக்கம் வேறு சொல்லும்.

ஆகவே இரண்டில் ஒன்று. பெரியவர்கள் வருவதற்கு முன்பே அவரே போனில் அப்பா அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் பிரிவது. அது முடியாதென்றால் அவர்கள் ஊருக்குத் திரும்ப விமானம் ஏறிய மறுநாளிலிருந்து பிரிவது, அதுவரை எந்தத் தாளிலும் எந்தத் தேதியும் போடாமல் இருப்பது. இரண்டு மாதம் தள்ளிப்போவதால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை, விசாவுக்கும் அது கூடுதல் அவகாசம்தான். பிரிகிற அன்று, ‘இன்று முதல் நாம் தனித்தனியாக வாழ்கிறோம்’ என்று அவருக்கு ஒரு வரி ஈமெயில் அனுப்புங்கள். லீஸ் பத்திரத்தையும் முதல் மின்சார பில்லையும் எடுத்து வையுங்கள். அதற்கு அடுத்த வாரமே கோரிக்கை மனுவுக்காக ஒரு வக்கீலைப் பார்க்க நேரம் வாங்கிவிடுங்கள்.